இரண்டாம் கதவு

போர்ட்டோவில், அல்மாதா தெருவில்
மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
கீழே சாவி வெட்டும் கடை,
நடுவே ஒரு பல் மருத்துவர்,
மேலே நான்:
பதினாறு வருடம் அரசு மருத்துவமனையில்
யாரோ வாங்கிப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்து
மனக்கவலை கேட்டவள்.
இனி வாடகை என் பெயரில்.
அந்தப் பெயரை, ஜெனொவேவா என்று,
சாவிக் கடைக்காரர் பித்தளையில் வெட்டித் தந்தார்.
கடைசி எழுத்து மட்டும் கோபித்துக்கொண்டு
சற்றுத் தள்ளி நிற்கிறது.

முதலில் நாற்காலி.
எனக்குச் சாய்மானம் உள்ளதைக் காட்டிய வியாபாரி
"வருகிறவர்களுக்கு இது போதும்" என்று
முக்காலிக்கு அண்ணன் முறையில்
ஒன்றை முன்னால் தள்ளினார்.
வேண்டாம் என்றேன்.
இரண்டுக்கும் ஒரே உயரம், ஒரே துணி,
ஒரே கடன்.

சோபா படிக்கட்டு வளைவில் சிக்கி
ஒரு பகல் முழுக்க அங்கேயே நின்றது.
பல்வலிக்காரர்கள் அதில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.
சாயங்காலம் கயிறு கட்டி
ஜன்னல் வழியே ஏற்றினோம்.

கடிகாரத்தை அவர்கள் தலைக்குப் பின்னால் மாட்டினேன்,
என் கண்ணுக்கு மட்டும்.
பிறகு அது கள்ளத்தனமாகப் பட்டது.
பக்கச் சுவருக்கு மாற்றினேன்.
டிஷ்யூ பெட்டிக்குத்தான் இடம் கிடைக்கவில்லை:
பக்கத்தில் வைத்தால் அழு என்கிறது,
தூரத்தில் வைத்தால் அழாதே என்கிறது.
மூன்று நாள் அறைக்குள் நடக்கவிட்டேன்.

ஈரம் உறிஞ்ச ஓர் இயந்திரம்,
இரவுக்கு அரை வாளி.
நவம்பரில் இந்த ஊரில் சுவரே அழும்;
அதனிடம் கட்டணம் வாங்க முடியாது.

கடைசியாக, சத்தம்.
தம்பி ஜெர்வாசியோவை உள்ளே உட்காரவைத்தேன்.
பஸ் பணிமனையில் மெக்கானிக்.
"எதையாவது சாதாரணமாப் பேசு.
வெளியே கேட்டா
ரெண்டு தடவை கதவைத் தட்டுவேன். நிறுத்திடு."

நாற்காலி ரசீதை வாசிக்கத் தொடங்கினான்.
விலை, வரி, வண்டிக் கூலி,
ஒவ்வொரு காசும் கேட்டது.
சுவருக்குக் காது உண்டு என்பார்கள்;
என் சுவருக்கு வாயும் இருந்தது.
மொத்தத் தொகை வரட்டும், தட்டலாம் என்று
சிரித்துக்கொண்டு நின்றேன்.
அதுதான் பிழை.

ரசீது தீர்ந்தது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, வரி எண்ணை வாசித்த அதே குரலில்:

"வேலை போய் ஏழு வாரம்.
தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புறேன்.
கம்பன்யா ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கேன்.
பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுறேன்,
வேலைல இருக்கிற மாதிரியே.
லுர்தெஸுக்குத் தெரியாது.
நாற்காலி நல்லாயிருக்கு அக்கா.
முதுகு வலிக்கலை."

தூக்கிய கை தூக்கியபடி.
தட்டினால், கேட்டது என்று அர்த்தம்.
தட்டாவிட்டால்
இன்னும் சொல்வான்.

அவனே கதவைத் திறந்தான்.
"கேட்டுச்சா?"
பதினாறு வருடத்துத் தொழில்
எனக்குள் ஒரு நல்ல வாக்கியத்தைத் தேடிப்போய்
வெறுங்கையோடு திரும்பியது.
"சுவர் சரியில்லை" என்றேன்.
"ம்."
பையிலிருந்து டேப்பை எடுத்து
நிலையின் அகலத்தை அளந்தான்.
மறுபடியும் அளந்தான்.
அதே எண்தான் வந்தது.
"இன்னொரு கதவு போடணும், இதுக்கு முன்னால.
நானே போடுறேன்.
காலையில எனக்கு நேரம் இருக்கு."

நான்கு காலை வந்தான்.
சாப்பாட்டு டப்பாவை ஜன்னலோரம் வைத்து
என்னோடு சாப்பிட்டான்.
கூலி கொடுத்தேன், எண்ணி வாங்கிக்கொண்டான்.

இப்போது இரண்டு கதவுகள்,
நடுவே ஒரு சாண் இருட்டு.
"சோதிச்சுப் பாத்துடலாமா?" என்றான்.
வேண்டாம் என்றேன்.
செவ்வாய்க்கிழமை முதல் ஆள் வருகிறார்.
டிஷ்யூ பெட்டி இன்னும் என் கையில்.

லுர்தெஸிடம் சொல்லிவிட்டானா?
நான் கேட்கவில்லை.